பிளாஸ்ட் தந்த பெயரை மரபணுவின் வேலை என்று எழுதலாமா?

கேட்டவர் ஒரு முதுகலை மாணவர். நெல் குலைநோய்ப் பூஞ்சையின் உள்ளூர் ஸ்ட்ரெயின் (உள்வகை) ஒன்றின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தி, அதன் புரதங்களை எல்லாம் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் ஓட்டியிருக்கிறார். ஏறக்குறைய பாதிக்கு "ஹைபோதெடிகல் புரோட்டீன்", அதாவது வேலை தெரியாத, கணிப்பில் மட்டும் உள்ள புரதம் என்று வந்திருக்கிறது. மீதிப் புரதங்களுக்குப் பெரும்பாலும் ரொட்டி ஈஸ்ட்டின் பெயர்கள். வழிகாட்டி "நோய் உண்டாக்கும் மரபணுக்கள்" என்று ஓர் அட்டவணை கேட்கிறாராம். ஒரு மரபணுவுக்கு ஈஸ்ட்டின் இனச்சேர்க்கைக் கைனேஸ் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்துச் சமிக்ஞை கடத்தும் நொதி) என்று விடை வந்திருப்பதால், இதற்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம், நீக்கிவிடலாமா என்று கேட்கிறார். எதோடும் பொருந்தாத குட்டிப் புரதங்களையும் தள்ளிவிடலாமா என்பது அடுத்த கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்த மென்பொருள், எந்த அளவுகோல் என்ற கேள்வி. உண்மையில் கேட்டிருப்பது வேறு: ஒரு பூஞ்சையில் சோதனை செய்து கண்டதை இன்னொரு பூஞ்சைக்கு எவ்வளவு தூரம் நம்பி எடுத்துச் செல்லலாம்? நான் பயிர் நோயியல் படித்தவன். குலைநோய்ப் பூஞ்சையோடு ஆய்வகத்திலும், பிறகு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மரபணுக்களுக்குச் செயல்குறிப்பு எழுதும் அனோட்டேஷன் வேலையிலும் பல வருஷம் கழித்திருக்கிறேன். மனிதர்களைத் தாக்கும் பூஞ்சைகளை என் கையால் வளர்த்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்பவை படித்து அறிந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் "மரபணுவின் வேலை" என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். 1998-ல் பழ ஈ, எலி, ரொட்டி ஈஸ்ட் ஆகிய மூன்றின் தரவுத்தளக்காரர்கள் சேர்ந்து ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுச் சொல்தொகுப்பைத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு மரபணுவைப் பற்றியும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இந்தப் புரதம் மூலக்கூறு அளவில் என்ன செய்கிறது? அந்தச் செயல் எந்தப் பெரிய காரியத்தின் பகுதி? செல்லுக்குள் எந்த இடத்தில் நடக்கிறது? வரிசை ஒற்றுமை முதல் கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது பல சமயம் தவறாகச் சொல்லும்.

மெலனினை எடுத்துக்கொள்ளுங்கள். குலைநோய்ப் பூஞ்சையில் மெலனின் தயாரிக்கும் மூன்று மரபணுக்களுக்கு ஏஎல்பி1, ஆர்எஸ்ஒய்1, பியூஎஃப்1 என்று பெயர். அவை கெட்டுப்போனால் வளர்ப்புத் தட்டில் பூஞ்சை முறையே வெள்ளை, ரோஜா, வெளிர்மஞ்சள் நிறமாக வளரும். பெயர்கள் அதிலிருந்து வந்தவை. இந்தப் பூஞ்சையின் வித்து இலையில் ஒட்டி முளைத்ததும் நுனியில் அப்ரசோரியம் என்ற குமிழ் உருவாகிறது. அதன் சுவரில் மெலனின் படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்ந்து, தண்ணீரை இழுத்து, 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏறுகிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில்தான் ஒரு மெல்லிய முளை இலைத்தோலைத் துளைக்கிறது. மெலனின் இல்லாவிட்டால் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, துளைக்க முடியாது. நம் விவசாயிகள் குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்து பிடிப்பது பியூஎஃப்1 தயாரிக்கும் நொதியைத்தான். அதனால்தான் அந்த மருந்தைக் கலந்த தட்டில் பூஞ்சை நிறம் மாறினாலும் சாகாமல் வளர்ந்துகொண்டிருக்கும். இலைக்குள் மட்டும் நுழைய முடியாது.

இப்போது நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு வாருங்கள். அதிலும் மெலனின் பாதையின் முதல் நொதி இருக்கிறது. வரிசையும் நன்றாகப் பொருந்தும், வேதிவினையும் அதே குடும்பம். அந்த மரபணுவை எடுத்துவிட்டால் வித்துகள் வெள்ளையாகின்றன, எலியில் நோயின் கடுமை குறைகிறது. ஆனால் காரணம் வேறு. இந்தப் பூஞ்சைக்கு அப்ரசோரியமே கிடையாது. இங்கே மெலனின், விழுங்க வரும் நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து வித்தைக் காப்பாற்றுகிறது. ஆக, முதல் கேள்விக்கு இரண்டு பூஞ்சைகளிலும் ஒரே பதில், இரண்டாவது கேள்விக்கு இரண்டு பதில்கள். குலைநோய்ப் பூஞ்சையின் குறிப்பை மொத்தமாகத் தூக்கி ஆஸ்பர்ஜில்லஸில் ஒட்டினால், இல்லாத உறுப்புக்கு வேலை எழுதினதாக ஆகும். கணினி இதைத் தினமும் செய்கிறது.

அதனால்தான் ஜீன் ஆன்டாலஜியில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு ஆதாரக் குறியீடு இருக்கும். மாணவர்கள் அந்தப் பத்தியைக் கடந்து போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஐ.ஈ.ஏ. என்றிருந்தால் கணினி தானே போட்டது, தனித்தனியாக யாரும் சரிபார்க்கவில்லை. ஐ.எஸ்.எஸ். என்றால் வரிசை ஒற்றுமையை ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐ.எம்.பி. என்றால் மரபணுவைக் கெடுத்து, விளைந்த மாற்றத்திலிருந்து வந்த முடிவு. ஐ.டி.ஏ. என்றால் நேரடிச் சோதனை. என்.டி. என்று ஒன்று உண்டு: தேடிப் பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அது மிகவும் மதிப்புள்ள குறியீடு. "யாரும் பார்க்கவில்லை" என்பதும் "பார்த்தும் கிடைக்கவில்லை" என்பதும் வேறு வேறு தகவல்கள் இல்லையா?

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பூஞ்சைப் புரதத்துக்கு "கேலக்டோஸ் வளர்சிதை மாற்றத்தைக் கட்டுப்படுத்துவது" என்று குறிப்பு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒரு மதியம் முழுக்கப் பின்னால் போனேன். அது பக்கத்து இனத்தின் புரதத்திலிருந்து எடுத்தது. அந்தப் பக்கத்து இனத்தின் குறிப்பு இன்னொரு பூஞ்சையிலிருந்து. அதற்கு முன் ரொட்டி ஈஸ்ட்டில் கேலக்டோஸ் மரபணுக்களை முடுக்கிவிடும் கேல்4 என்ற புரதம். ஒப்பீட்டை விரித்துப் பார்த்தால், பொருந்தியிருந்தது டிஎன்ஏ-வைப் பிடிக்கும் ஒரு சின்னப் பகுதி மட்டும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில் நின்று இரண்டு துத்தநாக அணுக்களைப் பிடித்திருக்கும் சுமார் 40 அமினோ அமிலம். கேல்4 மொத்தம் 881 அமினோ அமிலம் நீளம். அந்த ஆறு சிஸ்டீன் பகுதி பல பூஞ்சைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களில் இருக்கிறது. அந்த மரபணுவைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது "டிஎன்ஏ-வைப் பிடிக்கக்கூடும்" என்பது மட்டுமே. மூன்று கை மாறியதில் அந்த "கூடும்" எங்கோ விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மேல் வரியில் இருக்கும் ஈ-மதிப்பை (இந்தப் பொருத்தம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்) மட்டும் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிட்டேன். இரண்டு புரதமும் எத்தனை சதவீதம் நீளத்துக்குப் பொருந்துகிறது, திருப்பித் தேடினால் இதே புரதம் முதலாவதாக வருகிறதா, குடும்ப மரம் வரைந்தால் எந்தக் கிளையில் உட்காருகிறது, இந்த மூன்றையும் பார்க்காமல் பெயர் வைப்பதில்லை.

கேல்4 கதை அதோடு முடியவில்லை. கேன்டிடா அல்பிகன்ஸில் உண்மையான கேல்4 வம்சாவளிப் புரதமே இருக்கிறது. வரிசையில் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே அது கேலக்டோஸ் மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதில்லை, குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸ் பாதையின் பக்கம் போய்விட்டது. வம்சாவளியைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் வேலை மாறியிருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. நொதிகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. மரபணுக்களை முடுக்கிவிடும் கட்டுப்பாட்டுப் புரதங்களும் சமிக்ஞை கடத்தும் புரதங்களும் மாறுகின்றன. எந்த வகைப் புரதம் என்பதைப் பொறுத்து நம்பிக்கையின் அளவும் மாற வேண்டும்.

சரி, அந்த இனச்சேர்க்கைக் கைனேஸுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் ஈஸ்ட்டின் ஃபஸ்3 அல்லது கேஎஸ்எஸ்1 என்று வந்திருந்தால், அது பெரும்பாலும் பிஎம்கே1. தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். 1996-ல் ஜின்-ரோங் ஷு, ஜான் ஹேமர் இருவரும் இதைக் குலைநோய்ப் பூஞ்சையில் நீக்கிப் பார்த்தார்கள். வளர்ப்புத் தட்டில் பூஞ்சை வழக்கம்போல வளர்ந்தது, வித்தும் விட்டது. அப்ரசோரியம் மட்டும் உருவாகவில்லை. நெல்லில் நோயும் வரவில்லை. அப்புறம் அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் அழகு: ஃபஸ்3, கேஎஸ்எஸ்1 இரண்டும் இல்லாத, இனச்சேர்க்கை செய்ய முடியாத ஈஸ்ட்டுக்குள் இந்த பிஎம்கே1-ஐப் போட்டார்கள். ஈஸ்ட் மறுபடி இனச்சேர்க்கை செய்தது. புரதம் ஈஸ்ட்டுக்குள் ஈஸ்ட் வேலையைச் செய்கிறது, குலைநோய்ப் பூஞ்சைக்குள் இலையைத் துளைக்கும் உறுப்பைக் கட்டுகிறது. அதற்கும் மேலே, 2018-ல் வேறொரு குழு, பூஞ்சை இலைக்குள் நுழைந்த பிறகு பிஎம்கே1-ஐ மருந்தால் நிறுத்திப் பார்த்தது. பூஞ்சை ஒரே ஒரு நெல் செல்லுக்குள் சிக்கிக்கொண்டது, பக்கத்துச் செல்லுக்குப் போகவில்லை. முதல் கட்டுரைக்கு 22 வருஷம் கழித்து அதே மரபணுவுக்கு இரண்டாவது வேலை. உங்கள் அட்டவணையில் மூலக்கூறு வேலைக்கு "மேப் கைனேஸ்" என்று எழுதுங்கள். காரியத்துக்கு "அப்ரசோரியம் உருவாதல், செல்லுக்குச் செல் பரவுதல்" என்று இதே பூஞ்சையின் சோதனைகளைக் காட்டி எழுதுங்கள். ஈஸ்ட்டின் இனச்சேர்க்கையை அங்கே கொண்டுவர வேண்டாம்.

நொதிகள் மாறுவதில்லை என்றேன், அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ட்ரெஹலோஸ் சர்க்கரையின் முன்பொருளைத் தயாரிக்கும் டிபிஎஸ்1 என்ற நொதி இல்லாவிட்டால் குலைநோய்ப் பூஞ்சையால் நோய் உண்டாக்க முடியாது. சர்க்கரை இல்லாததால்தான் என்று யாரும் நினைப்பார்கள். ஆய்வு செய்தவர்கள் நொதியின் உள்ளே தேர்ந்தெடுத்த அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தபோது, சர்க்கரை தயாரிப்பதைவிட குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைப் பிடித்து உணர்வதுதான் நோய்க்கு முக்கியம் என்று தெரிந்தது. பெயர் நொதி என்று சொல்கிறது, பூஞ்சை அதை ஓர் உணர்கருவியாகவும் பயன்படுத்துகிறது.

அடுத்தது "நோய் உண்டாக்கும் மரபணு" என்ற தலைப்பு. எனக்கு அந்தச் சொல்லிலேயே சங்கடம் இருக்கிறது. ஜீன் ஆன்டாலஜியிலும் முன்பு "நோயாக்கம்" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். நோய் என்பது பூஞ்சைக்குள் மட்டும் நடக்கும் காரியம் இல்லை, இரண்டு உயிர்கள் சந்திப்பதால் வரும் விளைவு. இதைக் கண்ணால் பார்க்க நம் ஊர் நெல்லே போதும். கோ 39 என்ற ரகம் கோயம்புத்தூரில் உருவானது, பெயரில் உள்ள "கோ" அதைத்தான் குறிக்கிறது. குலைநோய் ஆய்வு நடக்கும் இடங்களில் எல்லாம் உலகம் முழுக்க அதைத்தான் எளிதில் நோய் பிடிக்கும் ரகம் என்று வளர்க்கிறார்கள். ஆனால் ஏவிஆர்1-கோ39 என்ற மரபணு இருக்கும் குலைநோய் ஸ்ட்ரெயினை அதன்மேல் தெளித்தால் நோய் வராது. அந்தப் புரதத்தை கோ 39 அடையாளம் கண்டு தடுத்துவிடுகிறது. நெல்லைத் தாக்கும் பெரும்பாலான ஸ்ட்ரெயின்களில் அந்த மரபணு இல்லை, அதனால்தான் கோ 39 இவ்வளவு எளிதில் விழுகிறது. இப்போது சொல்லுங்கள், ஏவிஆர்1-கோ39 உங்கள் அட்டவணையில் எந்தப் பக்கம் வரும்? எந்த ஸ்ட்ரெயின், எந்த ரகம் என்று சேர்த்துச் சொல்லாமல் பதிலே இல்லை.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்தில் 2005 முதல் நடத்தும் ஃபை-பேஸ் தரவுத்தளம் இதை நன்றாகக் கையாளுகிறது. அங்கே கட்டுரைகளை ஆட்கள் படித்துத்தான் உள்ளே போடுகிறார்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் எந்த நோய்க்கிருமி, எந்த ஓம்புயிர் என்று இருக்கும். மரபணுவைக் கெடுத்தபோது நோய் முழுதாகப் போனதா, கடுமை குறைந்ததா, மாற்றமில்லையா, கூடியதா, உயிரே போனதா என்றும் இருக்கும். அதில் தேடுவது நல்ல தொடக்கம். ஆனால் அங்கே உங்கள் புரதத்தைப் போல ஒன்று இருப்பதாலேயே உங்களுடையதும் நோய் உண்டாக்கும் என்று எழுதக்கூடாது. கட்டுரைகளில் பார்க்கும் மிகப் பொதுவான தவறு இதுதான். "ஃபை-பேஸில் 2 ஆயிரம் மரபணுக்கள் பொருந்தின, எனவே இத்தனை நோயாக்க மரபணுக்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். பொருந்திய பதிவைத் திறந்து பார்த்தால் "மாற்றமில்லை" என்றே இருக்கும்! மரபணு நீக்கியும் நோய் குறையாத முடிவுகளை ஆய்வாளர்கள் அவ்வளவாக வெளியிடுவதும் இல்லை. அதனால் தரவுத்தளமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது தொகுப்பவர்களின் குறை இல்லை, எழுதும் நம் எல்லாருடைய பழக்கம்.

உறுதி என்று எதைச் சொல்வேன்? மரபணுவை நீக்கினால் நோய் போக வேண்டும். திருப்பி வைத்தால் நோய் வர வேண்டும். 1988-ல் ஸ்டான்லி ஃபால்கோ, ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவும் காக்கின் விதிகளை மூலக்கூறு அளவுக்குக் கொண்டுவந்து எழுதியது இதைத்தான். குலைநோய்ப் பூஞ்சையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதி என்பதால் நீக்குவது ஓரளவு எளிது. கேன்டிடா அல்பிகன்ஸில் இரண்டு பிரதிகளையும் எடுத்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் இதைச் செய்யும்போது நான் ஒரே நாளில் மூன்று விஷயம் பார்ப்பேன். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் வித்து இருக்கும்படி கரைசல் செய்து, பிளாஸ்டிக் கவர்ஸ்லிப்பில் 20 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, ஈரத் துணி போட்ட டப்பாவில் மூடிவிட வேண்டும். வித்து மூன்று அறைகளோடு ஒரு கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஓரத்தில் குழாய் நீளும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் நுனி வீங்கும். மறுநாள் பார்த்தால் கறுத்த வளையம் போட்ட வட்டமாக அப்ரசோரியம் நிற்கும், வித்து காலியாகிச் சுருங்கியிருக்கும். நீக்கப்பட்ட ஸ்ட்ரெயின் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் குறிப்பு. அதே நாள் இன்னொரு பங்கை மூன்று வாரக் கோ 39 நாற்றில் தெளிப்பேன். ஐந்தாம் ஆறாம் நாள், சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமுமாகக் கண் வடிவப் புள்ளி வருகிறதா என்று எண்ணுவேன். மூன்றாவது பங்கு வெறும் சத்துத் தட்டில். அந்தத் தட்டை விட்டுவிட்டால் ஆபத்து. தட்டிலேயே பாதி வேகத்தில் வளரும் பூஞ்சை இலையிலும் மெதுவாகத்தான் வளரும். அந்த மரபணு நோய்க்கென்று இல்லை, பிழைப்புக்கே தேவை. பட்டியல்களில் நோயாக்க மரபணு என்று ஏறியிருக்கும் சிலவற்றின் கட்டுரைகளைத் திறந்தால் தட்டு வளர்ச்சி அளவே இருக்காது.

இவ்வளவு பொறுமையாக எல்லா மரபணுவையும் சோதிக்க முடியுமா? கொரியாவில் ஒரு குழு 2007-ல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்று ஸ்ட்ரெயின்களை உருவாக்கி ஒவ்வொன்றாகச் சோதித்து, நோயோடு தொடர்புள்ள 202 புதிய இடங்களைக் கண்டது. அது ஒரு மாபெரும் உழைப்பு. அப்படியும் எண்ணிப் பாருங்கள்: 2005-ல் வெளியான முதல் மரபணுத்தொகுதியில் 11,109 மரபணுக்கள் கணித்திருந்தார்கள், பிந்தைய பதிப்புகளில் எண்ணிக்கை 12 ஆயிரத்தைத் தாண்டியது. மரபணு எத்தனை என்பதே பதிப்புக்குப் பதிப்பு மாறும்போது, அவற்றின் வேலை பெருமளவு கணிப்பாகவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, பழைய கட்டுரைகளைத் தேடும்போது மேக்னபோர்தே கிரிசியா என்ற பெயரிலும் தேடுங்கள். 2002-ல்தான் நெல்லைத் தாக்குவதை ஒரைசே என்று தனியாகப் பிரித்தார்கள். இப்போது பைரிகுலேரியா ஒரைசே என்றும் எழுதுகிறார்கள். ஒரே பூஞ்சைக்கு மூன்று பெயர் என்பதால் பாதி ஆதாரம் கண்ணில் படாமல் போகிறது.

மனிதப் பூஞ்சைகளில் வேலை செய்ய நினைப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று விஷயம் சேர்த்துவிடுகிறேன். கேன்டிடா அல்பிகன்ஸ், கேன்டிடா ஆரிஸ் போன்றவற்றில் சியூஜி என்ற கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) வழக்கம்போல லியூசினைக் குறிப்பதில்லை, செரினைக் குறிக்கிறது. மென்பொருளில் 12-ம் எண் மொழிபெயர்ப்பு அட்டவணையைத் தேர்வு செய்யாவிட்டால் புரதம் எல்லாம் சத்தமில்லாமல் தவறாக வரும், எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. கேன்டிடா கிளாப்ரேட்டா பெயரில் மட்டும் கேன்டிடா. அது ரொட்டி ஈஸ்ட்டின் நெருங்கிய சொந்தம், அதற்கு வழக்கமான அட்டவணைதான்.

2021-ல் நாமெல்லாம் பயந்த கருப்புப் பூஞ்சை நோயில் ரைசோபஸ் முக்கியமான காரணி. அதன் மரபணுக்களில் சிஓடிஎச் என்று ஒரு குடும்பம் உண்டு. பாக்டீரியாவின் வித்துறைப் புரதத்தோடு ஒற்றுமை இருந்ததால் தானாக ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரை நம்பியிருந்தால் யாரும் அதை நோயோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2014-ல் வந்த ஆய்வு, ரைசோபஸ் நம் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லில் இருக்கும் ஜிஆர்பி78 என்ற புரதத்தைப் பிடித்து நுழைய உதவும் கொக்கியே இந்த சிஓடிஎச்தான் என்று காட்டியது. இரத்தச் சர்க்கரை மிகுந்த நிலையில் அந்த ஜிஆர்பி78 கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளை இந்தப் பூஞ்சை ஏன் அப்படித் தாக்கியது என்பதன் ஒரு பகுதி விளக்கம் இதில் இருக்கிறது.

இன்னும் வலுவான உதாரணம் கேன்டிடாவின் ஈசிஈ1. பூஞ்சை இழையாக நீளும்போது இந்த மரபணு ஏராளமாக வெளிப்படுவதை 1993-ல் கண்டு, "செல் நீளும் அளவு" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நீக்கிப் பார்த்தால் செல் வழக்கம்போல நீண்டது! எப்போது வெளிப்படுகிறது என்பதைக் கொண்டு வைத்த பெயர், என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் அது அப்படியே கிடந்தது. 2016-ல் தெரிந்தது: அந்தப் புரதத்தைப் பூஞ்சை எட்டுத் துண்டாக நறுக்குகிறது, அதில் 31 அமினோ அமிலம் உள்ள ஒரு துண்டு நம் செல் சவ்வில் ஓட்டை போடும் நச்சு. கேன்டிடாலைசின் என்று பெயர். மனித நோய்ப் பூஞ்சை ஒன்றில் கண்ட முதல் பெப்டைடு செல்கொல்லி நச்சு அது. எந்த ஒப்பீட்டு மென்பொருளும் இதைச் சொல்லியிருக்காது.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் உறுதியாக "தள்ளாதீர்கள்". எதோடும் பொருந்தாத, சின்ன, வெளியே சுரக்கும் புரதங்களில்தான் குலைநோய்ப் பூஞ்சை நெல்லை ஏமாற்றும் எஃபெக்டர்கள் பெரும்பாலும் இருக்கின்றன. நெல்லோடு நடக்கும் போட்டியில் அவை வேகமாக மாறுவதால் வரிசை ஒற்றுமை அழிந்துபோகிறது. ஆனால் புரதம் மடிந்து எடுக்கும் வடிவம், அதாவது மடிப்பு, நிலைக்கிறது. மேலே சொன்ன ஏவிஆர்1-கோ39, ஏவிஆர்-பியா என்ற இன்னொன்று, கோதுமையைத் தாக்கும் வேறொரு பூஞ்சையின் டாக்ஸ்பி ஆகியவற்றை வரிசையில் ஒப்பிட்டால் சொந்தம் என்றே தெரியாது. 2015-ல் முதல் இரண்டின் முப்பரிமாண வடிவத்தைத் தீர்த்து மற்றதோடு ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே வார்ப்பு. மேக்ஸ் எஃபெக்டர்கள் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது. இன்று ஆல்ஃபாஃபோல்டில் வடிவத்தைக் கணித்து, ஃபோல்ட்சீக்கில் வடிவத்தை வைத்தே தேட முடிகிறது. உங்கள் ஹைபோதெடிகல் குவியலில் இதைச் செய்து பார்ப்பது நல்ல பயன் தரும். ஆனால் வடிவம் பொருந்துவதும் ஒரு ஒற்றுமை ஆதாரம்தான். "மேக்ஸ் மடிப்பு இருக்கக்கூடும்" என்று எழுதலாம், "நெல்லின் எதிர்ப்பை அடக்குகிறது" என்று எழுத முடியாது. சொந்தங்கள் குறைவான சின்னப் புரதங்களில் கணிப்பின் நம்பக மதிப்பெண்ணும் பல சமயம் குறைவாக வரும். அதையும் பக்கத்தில் போடுங்கள்.

இதையெல்லாம் செய்யுமுன் மரபணுவின் எல்லை சரியா என்று பாருங்கள். புரதத்தின் தொடக்கம் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தால் சுரப்பு சமிக்ஞை காணாமல் போகும், ஒரு நல்ல எஃபெக்டர் செல்லுக்குள் இருக்கும் ஏதோ புரதமாகத் தெரியும். ஆர்என்ஏ தரவு தட்டில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து மட்டும் எடுத்ததென்றால், இலைக்குள் மட்டும் விழிக்கும் மரபணுக்கள் அதில் இருக்காது. தொற்று உண்டான இலையிலிருந்து எடுத்த தரவு பொதுக் களஞ்சியங்களில் கிடைக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள்.

வழிகாட்டி கேட்ட அட்டவணையை இப்படிச் செய்யலாம் என்பது என் யோசனை. தலைப்பை "நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட மரபணுக்கள்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் இதே பூஞ்சையில் நீக்கித் திருப்பிவைத்துச் சோதித்தவை, எந்த ஸ்ட்ரெயின், எந்த ரகம் என்ற விவரத்தோடு. அடுத்து, வேறு பூஞ்சையில் சோதித்து, உங்களுடையதில் முழு நீளத்துக்கும் வம்சாவளி பொருந்துபவை. அதற்கும் கீழே டொமைன் (புரதத்தின் ஒரு பகுதி) மட்டும் பொருந்துபவை, வடிவம் மட்டும் பொருந்துபவை. ஒவ்வொரு வரியிலும் ஆதாரக் குறியீடும் தேடிய தேதியும் இருக்கட்டும், ஏனென்றால் தரவுத்தளம் ஆறு மாதத்தில் மாறிவிடும். அட்டவணை நீங்கள் நினைத்ததைவிடக் குட்டையாகத்தான் வரும். வழிகாட்டி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் பிஎம்கே1-ஐயும் ஈசிஈ1-ஐயும் காட்டுங்கள். அந்தக் கைனேஸின் முழுப் புரத வரிசையையும் ஒப்பீட்டின் நீளத்தையும் இங்கே போட்டால், அது பிஎம்கே1-தானா, அல்லது செல்சுவரைப் பார்த்துக்கொள்ளும் அதன் உடன்பிறப்பு எம்பிஎஸ்1-ஆ என்று உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.